கார்குழியில் எத்தனை பேர்

நாள் 611, 07:10

புயல் நான்காம் நாள். வெளியே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சூரியத் தகடுகள் வழக்கமான மின்சாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தருகின்றன. மின்கலம் 61 சதவீதம். பனியைப் பிரித்து வாயு எடுக்கும் கலம் புயல் முடியும்வரை நிறுத்தம். பிராணவாயு இருப்பு 120 ஆள்நாள். ஒருவர் மட்டும் சுவாசித்தால் நூற்றிருபது நாள், நால்வர் சுவாசித்தால் முப்பது நாள்.

செவ்வாயின் நெடுங்கல் நிலையத்தில் இப்போது இருப்பது நான் மட்டும். பெயர் கோமதிநாயகம், வயது ஐம்பத்து மூன்று, பதவி தரவுப் பராமரிப்பு. அந்தப் 'பராமரிப்பு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் நிலையத் தலைவர் தனசிங். கல்லூரியில் எனக்கு ஐந்து வருடம் இளையவர். இங்கே ஓடும் மென்பொருளில் பாதியை எழுதியவன் நான். பதவிப் பெயரைப் படிப்பவர்கள் நான் தரை துடைப்பதாக நினைப்பார்கள்.

மற்ற மூவரும் மூன்று கிலோமீட்டர் தள்ளி, எரிமலைக் குகைக்குள், பனி தோண்டும் கார்குழி முகாமில் இருக்கிறார்கள். தனசிங், டாக்டர் மெஹராஜ், துளைப்பொறி இயக்கும் குணாளன். இரண்டு நாள் வேலை என்று போனவர்களைப் புயல் பிடித்துக்கொண்டது. வண்டி தூசியில் மின்கசிவாகி நின்றுவிட்டது. தனசிங்கின் விண்ணுடை முழங்காலில் கிழிந்திருக்கிறது. அவர் நடந்து வர முடியாது. அவரை விட்டுவிட்டு மற்ற இருவரும் வர மாட்டார்கள்.

இதைத் தாளில் பேனாவால் எழுதுகிறேன். நிலையத்தின் பதிவேட்டைத் தலைவர் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. பின்னால் விசாரணைக் குழு என்று ஒன்று வரும். அவர்களுக்காக.

இன்றைய குறிப்பு: 06:20 சுற்றில் கார்குழிக்குக் காற்று போகவில்லை. 06:40 சுற்றில் போனது. காரணம் பார்க்க வேண்டும்.


நாள் 611, 11:30

காரணம் தெரிந்தது. புதிதல்ல. குழுவில் கணினி தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதால் விளக்கி எழுதுகிறேன்.

கார்குழிக்குக் காற்று இங்கிருந்து குழாயில் போகிறது. எவ்வளவு என்பதை 'பங்கீடு' என்ற நிரல் முடிவு செய்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அது ஒரே கேள்வியைக் கேட்கும்: எந்த இடத்தில் எத்தனை பேர்? பதில் தரவுத்தளத்தில் இருக்கிறது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் கழுத்தில் தொங்கும் வில்லையை வாசலில் தொட வேண்டும், வெளியேறும்போது மறுபடி தொட வேண்டும். அந்தக் கணக்கு அங்கே சேரும்.

நிரலுக்குத் தரவுத்தளத்தின் மொழி தெரியாது. தரவுத்தளத்துக்கு நிரலின் மொழி தெரியாது. நடுவில் டிரைவர் என்று ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. கும்பினிக் காலத்துத் துபாஷியைப் போல. வெள்ளைக்காரன் கேட்பதை ஊர்க்காரனிடம் சொல்லி, ஊர்க்காரன் சொல்வதை வெள்ளைக்காரனுக்குச் சொல்லுவான். டிரைவர்தான் தரவுத்தளத்தின் கதவைத் தட்டும், கடவுச்சொல்லைக் காட்டும், கேள்வியை அதன் மொழியில் வைக்கும், வரிசை வரிசையாக வரும் பதிலை நிரலுக்குப் புரியும்படி மாற்றிக் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. துபாஷி சொல்வதுதான் உண்மை.

மின்சாரம் குறைந்ததால் தரவுத்தளக் கணினி மெதுவாக ஓடுகிறது. சில சமயம் இரண்டு வினாடிக்குள் பதில் தருவதில்லை. நேர்மையான டிரைவர் அப்போது 'தொடர்பு இல்லை' என்று பிழை சொல்ல வேண்டும். இங்கிருப்பது அப்படிச் சொல்லாது. வெறும் பட்டியலை நீட்டி 'பிழை இல்லை' என்கிறது. பங்கீடு அந்தப் பட்டியலை எண்ணிப் பார்க்கிறது. பூஜ்யம். கார்குழியில் ஆளில்லை. வால்வை மூடு.

இது எப்படி வந்தது? ஆறு வருடத்துக்கு முன் பூமியில் இந்த அமைப்பை மேலிடத்துக்கு நடத்திக் காட்டிய நாள். அன்று வலையமைப்பு மந்தம். சுவர்த்திரையில் சிவப்புக் கட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. வருபவர்கள் சிவப்பைப் பார்க்கக் கூடாது என்றார் தனசிங். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சத்தம் போடாம வச்சிருங்க, நாளைக்கு எடுத்துருவோம்." எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த 'இன்னைக்கு ஒரு நாளைக்கு' என்ன என்று தெரியும். டெமோவுக்காக வைத்த முட்டு, டெமோ முடிந்ததும் தூணாகிவிடும். சிவப்பு மறைந்தது, பாராட்டு வந்தது. மேடையில் டிரைவரின் வரைபடத்தின் அடியில் தனசிங் பெயர் இருந்தது. என் பெயர் நன்றி கூறும் பட்டியலில், தேநீர் ஏற்பாடு செய்தவருக்கு அடுத்த வரியில்.

இதை எடுக்கச் சொல்லி நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் கோப்பில் இருக்கும். குழு பார்க்கட்டும்.


நாள் 612, 09:00

மின்கலம் 44. நேற்று முழுதும் எழுபத்திரண்டு சுற்றில் பதினெட்டுச் சுற்று பூஜ்யம். கார்குழிக்கு வானொலியில் சொன்னேன். பதிவிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

தனசிங்: "அண்ணாச்சி, நாங்க மூணு பேரு இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கோம். ஒம்ம மெஷின் ஆளில்லன்னு சொல்லுதா? நல்ல கூத்து."

நான்: "என் மெஷின் இல்ல. உம்ம டிரைவர். ஆறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

தனசிங்: "ஆரம்பிச்சிட்டீரா. புயல்ல மாட்டிக்கிட்டுக் கெடக்கோம், நீரு கேஸ் ஜோடிக்கீரு. குழாயில தூசி அடைச்சிருக்கும், அதப் பாரும் மொதல்ல."

குணாளன்: "சார், இங்க காத்து கொறஞ்சாலும் தலைவருக்குப் பேச்சு மட்டும் கொறையல. அவர் பங்கக் கொஞ்சம் கட் பண்ணச் சொல்லுங்க அந்த மெஷினுகிட்ட."

குழாயைப் பார்த்தேன். அடைப்பில்லை. பார்க்கும் முன்பே தெரியும். ஆனாலும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பிறகு எழுதுவார்கள்.


நாள் 612, 16:40

மின்கலம் 35. மூன்றில் ஒரு சுற்று பூஜ்யம். கார்குழியில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மெஹராஜ்: "சார், நான் டாக்டரா பேசறேன். மூணு பேருக்கும் தலைவலி. குணாளன் ரெண்டு தடவ வாந்தி எடுத்தாரு. நீங்க சொல்றது சரின்னே வச்சிக்கிறேன். இப்ப என்ன செய்யணும்?"

நான்: "டிரைவரை மாத்தணும். என்கிட்ட சரியான டிரைவர் இருக்கு. நானே எழுதினது."

மெஹராஜ்: "அவ்ளோ வேணுமா? அந்தப் பங்கீடு எத்தனை பேருன்னு கேக்குது, அவ்ளோதானே? கேக்கவே வேணாம், மூணுன்னு கையால அடிச்சு விட்டுருங்களேன். புயல் முடிஞ்சதும் மத்தத பாத்துக்கலாம்."

நான்: "அதுவும் பொய்தான் டாக்டர். ஒரு பொய்ய எடுத்துட்டு இன்னொரு பொய்ய வைக்கச் சொல்றீங்க."

மெஹராஜ்: "மூணு பேரு இருக்கோம் சார். மூணுன்னா அது எப்படிப் பொய்யாகும்?"

ஆள் நகர்ந்தால் எண் நகராது, நிரலுக்குள் எண்ணை எழுதி வைப்பது முதலாண்டு மாணவன் செய்யும் வேலை, இதையெல்லாம் வானொலியில் விளக்க முடியாது.

ஓடும் நிரல் எதை மாற்றவும் இரண்டு கடவுச்சொல் வேண்டும். ஒன்று என்னுடையது, ஒன்று தலைவருடையது. தனசிங் ஒரு மணி நேரம் யோசித்தார்.

தனசிங்: "சரி அண்ணாச்சி, எழுதிக்கிடும்." சொன்னார். நாசரேத்தில் ஒரு பேக்கரியின் பெயரும் ஓர் ஆண்டும். ஒரு கிரகத்தின் பூட்டுக்கு இந்தச் சாவி. "டாக்டரம்மா சொன்ன மாதிரி மூணுன்னு அடியும். அம்புட்டுத்தான். வேற எதையும் தொடாதேயும், என்ன? ஒம்மத்தான் சொல்லுதேன்."

நான்: "கேட்டுச்சு."


நாள் 613, 08:15

07:50க்கு என் டிரைவரை நிறுவினேன். எண்ணை அடிக்கவில்லை.

இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் செய்தது சரி. அந்த டிரைவர் ஆறு வருடம் என் பெட்டியில் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் எடுத்துத் தூசி தட்டி, புதிய தரவுத்தளத்துக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தொடர்பு இருந்தால் பதிலைக் கொண்டுவரும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். அதற்கு மேலும் கீழும் ஒரு சொல் சொல்லாது.

சோதித்தேன். தரவுத்தளத்தை வேண்டுமென்றே ஒரு நிமிடம் நிறுத்தி, என் கையால் கேள்வி கேட்டேன். இரண்டு வினாடியில் வந்தது: தொடர்பு இல்லை. திரையில் சிவப்புக் கட்டம். ஆறு வருடத்தில் இந்த அமைப்பு சொன்ன முதல் உண்மை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

08:00 சுற்று: பதில் மூன்று. காற்று போனது. கார்குழிக்கு 'முடிந்தது' என்று மட்டும் சொன்னேன். எது முடிந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

மின்கலம் 21.


நாள் 613, 10:55

10:20க்குத் தரவுத்தளம் தாமதித்தது. என் டிரைவர் பங்கீட்டிடம் 'தொடர்பு இல்லை' என்றது.

பங்கீடு நின்றுவிட்டது.

அந்த நிரல் பிறந்த நாளிலிருந்து டிரைவரிடமிருந்து பிழை என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. கேட்டால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பழைய டிரைவர் பொய் சொன்னபோது ஒரு சுற்று தவறும், அடுத்த சுற்றில் காற்று போகும். என் டிரைவர் உண்மையைச் சொன்னதும் நிரல் அப்படியே விழுந்தது. அது விழுந்தால் எல்லா வால்வும் மூடிக்கொள்ளும். அது பாதுகாப்பு விதி. கார்குழி வால்வைக் கையால் திறக்க வழியில்லை.

மறுபடி துவக்கினேன். துவங்கியதும் அது செய்யும் முதல் வேலை எத்தனை பேர் என்று கேட்பது. தொடர்பு இல்லை. விழுந்தது. பதினோரு முறை துவக்கினேன். பதினோரு முறையும் விழுந்தது.

பழைய டிரைவரைத் திரும்பப் போடப் பார்த்தேன். நிறுவும் கருவி கடவுச்சொல்லைச் சரிபார்க்கத் தரவுத்தளத்திடம் கேட்கிறது. அதுவும் என் டிரைவர் வழியாகத்தான். தொடர்பு இல்லை. மூன்று என்று கையால் அடிக்கப் பார்த்தேன். அதற்கும் அதே கதவு, அதே பதில்.

நேற்று மாலை அடித்திருந்தால் ஒரு நிமிட வேலை.

எனக்கு இங்கே கையால் திறக்கும் பிராணவாயு உருளை இருக்கிறது. கார்குழியில் சேமிப்பு ஏழு மணி நேரத்துக்கு. 17:20 வரை.

தரவுத்தளக் கணினி மின்சாரம் போதாமல் அணைந்தே போய்விட்டது. அதை எழுப்ப மின்சாரம் வேண்டும். மின்கலம் 12. நிலையத்தின் சூடேற்றிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். விரல் பேனாவைப் பிடிக்க மறுக்கிறது.


நாள் 613, 14:20

கார்குழிக்குச் சொல்லிவிட்டேன்.

தனசிங்: "மூணுன்னு அடிச்சீரா இல்லையா?"

நான்: "இல்ல."

தனசிங்: "அண்ணாச்சி, ஒம்மட்ட நான் என்ன சொன்னேன்? சின்னப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொன்னேனா இல்லையா? என் மேல கோவம்னா என்னைய வையும். செருப்பக் கழட்டி அடியும். இந்தப் பொம்பளப்புள்ளயும் குணாளனும் ஒமக்கு என்ன செஞ்சாங்க?"

மெஹராஜ்: "ரெண்டு பேரும் நிறுத்துங்க. பேசினா காத்து போகுது. சார், எவ்ளோ நேரம் ஆகும்? சரியா சொல்லுங்க."

நான்: "தெரியல."

குணாளன்: "பரவால்ல சார், தெரியலன்னு சொல்றீங்க பாருங்க. அதுவே பெரிய விஷயம்." சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஒரு திருத்தம். நாள் 611இல் மூன்று கடிதம் என்று எழுதினேன். அனுப்பியது இரண்டு. மூன்றாவது, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன் எழுதியது, வரைவிலேயே இருக்கிறது. அது வலுவான கடிதம். அனுப்பியிருந்தால் டிரைவரை மாற்றியிருப்பார்கள். மாற்றிவிட்டுத் தனசிங்கின் பெயரையே மறுபடி போட்டிருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். இங்கே வந்து, எல்லோர் முன்னாலும், அவன் முகத்துக்கு நேரே அது உடைய வேண்டும். சின்னதாக ஏதாவது. விளக்கு அணையும், கதவு திறக்காது, அந்த மாதிரி. அப்போது நான் பெட்டியைத் திறந்து என் டிரைவரை எடுப்பேன்.

அறுநூற்றுப் பதினோரு நாள் அதற்காகக் காத்திருந்தேன்.


நாள் 613, 17:05

15:00க்கு உபரி விண்ணுடையைத் தோளில் கட்டிக்கொண்டு வெளியே போனேன். தனசிங்குக்கு அது கிடைத்தால் மூவரும் நடந்து வந்துவிடலாம், இங்கே என் உருளையைப் பகிர்ந்துகொள்ளலாம். மெஹராஜிடம் சொன்னேன். "வாங்க சார், வாங்க, குழாயப் புடிச்சிக்கிட்டே வந்துருங்க" என்றாள். பின்னால் குணாளன் கைதட்டும் சத்தம்.

காற்றுக் குழாயின் மீது ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தேன். நூறு மீட்டருக்கு ஒரு கம்பம். கை நீட்டினால் கை தெரியவில்லை. ஒன்பதாவது கம்பத்தருகே விண்ணுடையின் கழுத்துப் பூட்டில் கசிவு எச்சரிக்கை ஒலித்தது. திரும்பினேன். 16:40க்கு உள்ளே வந்தேன்.

அவர்களிடம் சொன்னேன். மெஹராஜ் "சரி சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.


நாள் 613, 19:40

தரவுத்தளம் 19:05க்கு எழுந்தது. முதல் வேலையாக மூன்று என்று அடித்தேன். 19:10க்குப் பங்கீடு துவங்கியது. வால்வு திறந்தது. மூன்று பேருக்கான காற்று, அழுத்தம் ஈடுகட்ட இரட்டை அளவு, குழாயில் போய்க்கொண்டிருக்கிறது.

கார்குழியிலிருந்து கடைசியாக வந்தது 18:22க்கு.

மெஹராஜ்: "சார், சேமிப்பு முடிஞ்சது. அறையில இருக்கறத வச்சு ஓட்டறோம். இவங்க ரெண்டு பேரும் தூங்கறாங்க, எழுப்பல. ரேடியோ பேட்டரியும் செவப்புல இருக்கு, அணைச்சு வைக்கறேன். சார், மூணு பேரும் இருக்கோம். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். 18:22, மூன்று.

அதிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறேன்.


நாள் 614, 12:00

பதில் இல்லை. வானொலி பேட்டரி தீர்ந்திருக்கலாம். அழுத்தமானிகளும் அதே பேட்டரியில்தான், அவையும் பேசவில்லை. குழாயில் போகும் காற்று திரும்பி வந்து எதையும் சொல்வதில்லை.

வாயு எடுக்கும் கலத்தின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருக்கிறது. சூடேற்றியை அணைத்ததால். மாற்றுக் குழாய் இல்லை. இனி இருப்பதுதான் காற்று.


நாள் 616, 10:30

புயல் மெலிகிறது. முப்பதடி தெரிகிறது. பூமியிலிருந்து செய்தி. தரைக் கட்டுப்பாட்டில் இருப்பவர் திலகவதி.

"கோமதிநாயகம் சார், திலகவதி பேசறேன். எங்களுக்கு உங்க நிலவரம் கெடச்சுது. மீட்பு ஊர்தி பொறப்பட்டாச்சு. நாள் 673ல அங்க வரும். சாப்பிடறீங்களா சார்? தூங்கறீங்களா? கார்குழியில எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்க உறுதிப்படுத்தணும். எங்க திரையில மூணுன்னு காட்டுது. அது வாசிச்ச எண்ணா, நீங்க அடிச்ச எண்ணான்னு சொல்லுங்க."

கெட்டிக்காரப் பெண். பதில் அனுப்பவில்லை.

இன்னொரு திருத்தம். கழுத்துப் பூட்டு ஒலிக்கவில்லை. விண்ணுடையில் எந்தக் கோளாறும் இல்லை. ஒன்பதாவது கம்பத்தருகே நின்றேன். இன்னும் இருபத்தோரு கம்பம். அங்கே போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, தனசிங்கின் முகத்தைப் பார்க்க வேண்டும். உயிரோடிருக்கும் முகத்தைத்தான் சொல்கிறேன். அவனுக்கு உடை மாட்டிவிட வேண்டும், அவன் முன் முழங்கால் போட்டு. என் கால் திரும்பிவிட்டது. காற்றழுத்தம், தூசி, வயது, எதுவும் காரணமில்லை. அப்போது மணி 15:50. அவர்களுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரச் சேமிப்பு இருந்தது.


நாள் 621, 11:10

வானம் தெளிந்துவிட்டது. மின்கலம் 90. தரவுத்தளம் கால் வினாடியில் பதில் தருகிறது. கார்குழிக் குன்று ஜன்னலிலிருந்து தெரிகிறது, கம்பங்கள் வரிசையாகத் தெரிகின்றன. வானொலியில் பதில் இல்லை.

திலகவதி: "சார், நீங்க பேச மாட்டேங்கறீங்க, நான் பேசறேன். உங்க இருப்பு எண்பது ஆள்நாள். ஊர்தி வர அம்பத்திரெண்டு நாள் இருக்கு. நீங்க ஒருத்தர்னா தாராளமா போதும். நாலு பேருக்கு அனுப்பிக்கிட்டே இருந்தா இருபது நாள்ல முடிஞ்சிரும். தயவுசெஞ்சு போய்ப் பாருங்க. முடியலன்னா பரவால்ல சார், யாரும் உங்களக் குத்தம் சொல்லப் போறதில்ல. பூஜ்யம்னு மாத்திருங்க. நாங்க இங்கேந்து மாத்த முடியாது, உங்க கடவுச்சொல் வேணும்."

விண்ணுடையை மாட்டினேன். காலணி, கையுறை, தலைக்கவசம், கழுத்துப் பூட்டு. எல்லாம் பச்சை. கதவருகே அரை மணி நேரம் நின்றேன். கழற்றி வைத்தேன்.

பதில் வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பதில் வராததை ஆளில்லை என்று படிப்பது என்ன வேலை என்று இந்தத் தாளில் முதல் நாளே எழுதியிருக்கிறேன். அதை நான் செய்ய மாட்டேன்.

போய்ப் பார்க்கவும் மாட்டேன்.


நாள் 629, 09:20

இருப்பு 48. ஊர்தி வர 44 நாள். இன்றோ நாளையோ மாற்றினால் எனக்குப் போதும். நாளை மறுநாள் என்றால் போதாது.

நான் அடித்த எண்ணை இன்று எடுத்துவிட்டேன். திலகவதி கேட்டது சரிதான், அடித்த எண் பதிவில் இருக்கக் கூடாது. நிரலில் பிழையைக் கையாளும் வரிகளையும் எழுதிச் சேர்த்தேன், பதினான்கு வரி. அரை மணி நேரம்தான் ஆயிற்று. இப்போது பங்கீடு தானே கேட்கிறது, என் டிரைவர் கொண்டுபோகிறது, தரவுத்தளம் தேடிப் பார்க்கிறது.

மூவரும் கார்குழி வாசலில் வில்லையைத் தொட்டு நுழைந்திருக்கிறார்கள். தொட்டு வெளியேறவில்லை. தரவுத்தளத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதை அது மறைக்காமல் சொல்கிறது. டிரைவர் ஒரு எழுத்து மாறாமல் கொண்டுவருகிறது.

தனசிங் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பான்.


நாள் 632

இருப்பு 36. வர 41 நாள்.

திலகவதி அழுகிறாள். பூமியில் பதினெட்டு நிமிடத்துக்கு முன்பு அழுதது. "சார், ஒரே ஒரு எண். ஒரே ஒரு எண்ண மாத்துங்க சார்." எனக்கு மகள் இருந்தால் இந்த வயதாகியிருக்கும். வானொலியைக் கார்குழி அலைவரிசையிலேயே வைத்துவிட்டேன், இடையில் அவர்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும்.


நாள் 639

இருப்பு 8.

காலை கொஞ்சம் மயக்கம். கணக்கு சரியா என்று மறுபடி பார்த்தேன். சரி. எனக்கும் அவர்களுக்கும் சம பங்கு, ஒரு மில்லிலிட்டர் கூடக் குறைவில்லை. இதை யாராவது எழுதிக்கொள்ளுங்கள். நான் யாருடைய பங்கையும்


நாள் 641

10:20 கேள்வி போனது. பதில் மூன்று. பிழை இல்லை.

10:40 மூன்று. பிழை இல்லை.

11:00 மூன்று. பிழை இல்லை.

நெடுங்கல்லில் எத்தனை என்றும் கேட்கிறது ஒவ்வொரு முறையும். ஒன்று என்று வருகிறது. நான் எழுந்து போய் வாசலில் வில்லையைத் தொட்டால் ஒழிய அது ஒன்று என்றுதான் வரும். இனி எத்தனை நாள் ஆனாலும்

11:20 மூன்று, ஒன்று. பிழை இல்லை.

11:40 மூன்று ஒன்று

பிழை